சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தினால்: பழைய எம்.பி.எஃப்.ஐ. பெட்ரோல் கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் கார்களுக்கு மின்வேலை பார்க்கும் எங்கள் பட்டறையில் ஒரே புகார் திரும்பத் திரும்பக் காதில் விழும்: குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகிற வண்டி, சூடாக இருந்தால் ஆக மறுக்கிறது. கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதிலைச் சேர்த்திருக்கிறேன். கார்பரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் (எம்.பி.எஃப்.ஐ.) வந்த தொடக்க காலத்துப் பெட்ரோல் வண்டிகளை, அதாவது மாருதி 800 எம்.பி.எஃப்.ஐ., ஜென், சான்ட்ரோ தலைமுறையை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. இங்கே பேசப்படுபவை வயதாலும் வெப்பத்தாலும் எந்த வண்டிக்கும் வரக்கூடியவை. எந்த நிறுவனத்தின் தயாரிப்புக் குறையும் அன்று.

1. காலையில ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுது. சிம்மக்கல்ல பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்து அடிச்சா ஆக மாட்டேங்குது. சூடா இருந்தா இன்னும் சுலபமாத்தானே ஸ்டார்ட் ஆகணும்?

இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரும் மின்விசிறியும் எதிர்க்காற்றும் சேர்ந்து வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. சாவியைத் திருப்பி அணைத்த கணத்தில் வாட்டர் பம்ப் நின்றுவிடுவதால், இரும்பிலும் புகைப்போக்கி மேனிஃபோல்டிலும் தேங்கிய வெப்பம் மேலே ஏறி, பானெட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் குழாய், இன்ஜெக்டர், தீப்பொறிக்கான காயில், சென்சார் எல்லாவற்றையும் சுட வைக்கிறது. ஆகவே வண்டி நின்ற பிறகு பத்து நிமிடத்திலிருந்து அரைமணி நேரம் வரை இந்தப் பாகங்கள், ஓடிக்கொண்டிருந்தபோது இருந்ததைவிட அதிகச் சூட்டில் இருக்கின்றன. பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதன் இலேசான பகுதி, அழுத்தம் இல்லாவிட்டால், 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மதுரைக் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது.

இதனால்தான் அணைத்த அடுத்த நிமிடமே மீண்டும் ஸ்டார்ட் செய்தால் ஆகிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாலும் ஆகிவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில்தான் மறுக்கிறது. உங்கள் வண்டியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது என்றால், சூட்டில் மட்டும் தலைகாட்டும் ஒரு கோளாறு இருக்கிறது என்று உறுதியாகக் கொள்ளலாம்.

2. பட்டறைக்குக் கொண்டுவந்தா நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுது. நான் சொல்றதை யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. என்ன பண்றது?

இந்தத் தொல்லையில் மிகப் பெரிய சிக்கலே இதுதான். கோளாறு உயிரோடு இருப்பது இருபது முப்பது நிமிடம். வண்டியைக் கட்டி இழுத்துவருவதற்குள் அது ஆறி மறைந்துவிடும். அப்போது மெக்கானிக் செய்யக்கூடியது ஊகம் ஒன்றுதான், ஊகித்து மாற்றப்படும் பாகத்தின் விலையோ உங்களுடையது. எனவே சாட்சி நீங்கள்தான். வண்டி மறுக்கும் அந்த நேரத்தில், வெறுமனே செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காமல், சில விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், செல்ஃப் மோட்டார் இன்ஜினை வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா என்று பாருங்கள். அடுத்து, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடிகள் உறுமி அடங்க வேண்டும், செக் இன்ஜின் விளக்கும் எரிய வேண்டும். அதன்பின் செல்ஃப் அடிக்கும்போது, ஆர்.பி.எம். மீட்டர் இருக்கும் வண்டியானால், அதன் முள் சற்றேனும் அசைகிறதா என்று கவனியுங்கள். புகைக்குழாய்ப் பக்கம் பெட்ரோல் வாடை வீசுகிறதா, கடைசியில் ஸ்டார்ட் ஆனபோது கருப்புப் புகை வந்ததா, எத்தனை நிமிடம் கழித்து ஆனது என்பதையும் எழுதிவையுங்கள். முடிந்தால் யாரையாவது கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நிமிடப் படம் எங்களுக்கு அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்தக் குறிப்புகளையே அடிப்படையாகக் கொண்டவை.

3. செல்ஃபே எடுக்கல, 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போன மாசம்தான் புதுசா போட்டேன்.

இது பெட்ரோலோடும் தீப்பொறியோடும் தொடர்பில்லாத, முற்றிலும் வேறொரு கிளை. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். பல வண்டிகளில் செல்ஃப் மோட்டார் புகைப்போக்கிக்கு அருகிலேயே தொங்குவதால், குளிரில் தட்டுத்தடுமாறிச் சமாளித்த, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலினாய்டு சுருள், சூட்டில் போதிய மின்னோட்டம் கிடைக்காமல் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பேட்டரி புதிதாக இருந்தாலும், அதிலிருந்து மோட்டார் வரை போகும் வழி இருபது வயதானது.

மல்டிமீட்டர் இருந்தால் கோளாறு நேரத்திலேயே அளந்துவிடலாம். ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் பேட்டரி முனைகளில் அளக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியோ மோட்டாரோ சரியில்லை. இறங்காவிட்டால், ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் துருவத்திலும் மறுமுனையைச் சுத்தமான இன்ஜின் இரும்பிலும் வைத்து மீண்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர்தான் குற்றவாளி. பிளஸ் துருவத்துக்கும் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் எடுக்கவில்லை என்றால், சாவிச் சுவிட்சிலிருந்து சோலினாய்டுக்கு வரும் மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும்; குறைந்தால் நடுவில் ஒரு ரிலே சேர்ப்பது மலிவான, நிலையான தீர்வு. செல்ஃப் மோட்டாரைக் கழற்றும் முன் எர்த் வயரை மாற்றிப் பார்க்கச் சொல்லுவது என் வழக்கம்.

4. ஏர் லாக் ஆயிருக்கும்னு சொல்றாங்க. இன்ஜெக்ஷன் வண்டியில ஏர் லாக் ஆகுமா? ஈரத்துணி போடலாமா?

நாம் ஏர் லாக் என்று சொல்வது உண்மையில் காற்று அன்று, பெட்ரோலின் ஆவி. அம்பாசடர் காலத்தில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருந்து பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும், குறைந்தால் கொதிநிலையும் குறையும்; ஆகவே அந்த வண்டிகளில் ஆவி அடைப்பது இயல்பாக நடந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து முன்னே தள்ளுகிறது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பகிரும் ரெயில் எனப்படும் குழாயில், இந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றில், சதுர செ.மீ.க்கு 2.5 முதல் 3 கிலோ வரை அழுத்தம் நிற்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்த அழுத்தம் நிற்கும்வரை பெட்ரோல் எளிதில் ஆவியாகாது.

ஆகவே இன்ஜெக்ஷன் வண்டியில் ஆவி அடைத்தால், அணைத்த பிறகு நிற்க வேண்டிய அழுத்தம் எங்கேயோ இறங்கிவிட்டது என்று பொருள். ஆவி விளைவு, அழுத்த இழப்பே காரணம். ஈரத்துணியை ரெயில் மீது போடுவதில் தவறில்லை. அதனால் உடனே ஸ்டார்ட் ஆனால் அதுவும் ஒரு தடயமே. ஆனால் குடத்தோடு தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சூடான புகைப்போக்கி இரும்பு விரிசல் விடும், காயிலுக்குள்ளும் பிளக் குழிக்குள்ளும் நீர் இறங்கி இரண்டாவது கோளாறு ஒன்று சேரும். கொடைக்கானல் ஏறி நிறுத்தியவுடன் மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்போர், மலைமேல் காற்றழுத்தமும் குறைவு, ஏற்றத்தில் இன்ஜினும் கடுமையாகச் சுட்டிருக்கும் என்பதை நினைவில் கொள்ளலாம். சமவெளியில் ஒளிந்திருந்த அழுத்தக் கசிவு அங்கே வெளிப்படுகிறது.

5. சாவியை மூணு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணிட்டு அடிச்சா டக்குனு ஸ்டார்ட் ஆயிடுது. அப்படியே ஓட்டலாமா?

நீங்கள் தெரியாமலேயே ஒரு நல்ல சோதனையைச் செய்துவிட்டீர்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பம்ப் இரண்டு மூன்று விநாடிகள் ஓடி, ஆவியைத் தள்ளிவிட்டு அழுத்தத்தை ஏற்றுகிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகிறது என்றால், தீப்பொறி சரியாக இருக்கிறது, சென்சார்களும் வேலை செய்கின்றன, நின்ற பிறகு அழுத்தம் தங்கவில்லை என்பது மட்டும் குறை. அழுத்தம் இறங்கக்கூடிய வழிகள் மூன்று: பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து பெட்ரோல் டேங்குக்கே திரும்புவது, ரெயில் மேலிருக்கும் அழுத்த ரெகுலேட்டர் மூடாமல், மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் வழியே விடுவது, இன்ஜெக்டர் நுனி சொட்டுவது.

மூன்றையும் பிரித்தறிய, ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டி இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஒரு நிமிடத்தில் சற்று இறங்கி, ஏறத்தாழ 2 கிலோவில் நின்று, பிறகு மெல்ல மெல்லக் குறைவது இயல்பு. முள் உடனே பூஜ்யத்துக்கு விழுவது கோளாறு. அணைத்தவுடன் ரிட்டர்ன் ரப்பர் குழாயை அகலவாய்க் கிடுக்கியால் அழுத்திப் பிடிக்கும்போது வீழ்ச்சி நின்றால் ரெகுலேட்டர். பம்பிலிருந்து வரும் குழாயை அழுத்தும்போது நின்றால் பம்ப் வால்வு. இரண்டையும் அழுத்தியும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர். பிளாஸ்டிக் குழாயை ஒருபோதும் நசுக்கக் கூடாது. ரப்பர் குழாயும் வெடிப்பு விட்டிருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும், அதுவும் இன்ஜெக்ஷன் அழுத்தம் தாங்கும் குழாயாக இருக்க வேண்டும். கார்பரேட்டர் வண்டிக் குழாயைப் போட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

அப்படியே ஓட்டலாமா என்பதற்குப் பதில், கசிவது எது என்பதைப் பொறுத்தது. பம்ப் வால்வு என்றால் சாவியை மூன்று முறை திருப்பிக்கொண்டே சில மாதங்கள் காலம் தள்ளலாம்; தொல்லைதானே தவிர கேடில்லை. இன்ஜெக்டர் சொட்டுகிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது. அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தாலே தெரியும்.

6. மூணு தடவை ஆன் பண்ணா இன்னும் மோசமாகுது. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு அடிச்சாத்தான் கருப்புப் புகையைத் தள்ளிட்டு ஸ்டார்ட் ஆகுது.

உங்களுடையது பெட்ரோல் போதாமை அன்று, மிகுதி. பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் முழுமையாக மிதிபட்டிருந்தால், கணினிப் பெட்டியான ஈ.சி.யூ. இன்ஜெக்டரை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். ஓவர்ஃப்ளோ ஆன சிலிண்டரைக் காயவைப்பதற்காகவே அமைத்த வழி அது. அந்த வழியில் உயிர் வருகிறது என்றால், உள்ளே ஏற்கெனவே பெட்ரோல் தேங்கி நின்றது உறுதி.

பார்க்க வேண்டியவை மூன்று. ரெகுலேட்டரின் தலையில் செருகியிருக்கும் மெல்லிய வேக்குவம் குழாயைக் கழற்றுங்கள். அதில் ஒரு துளி பெட்ரோல் இருந்தாலும் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான். இது ஒரு நிமிடச் சோதனை, கருவியும் தேவையில்லை. அடுத்தது, மேலே சொன்ன சொட்டும் இன்ஜெக்டர்: ரெயிலோடு சேர்த்து வெளியே எடுத்து, பம்பை மட்டும் ஓடவிட்டு, அடியில் காகிதம் விரித்துப் பார்த்தால், நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுவது தகுதியற்றது. இன்ஜின் சூடாக இருக்கும்போது வீட்டில் இதைச் செய்ய வேண்டா. மூன்றாவது காரணம் அடுத்த கேள்விக்குரியது.

7. டெம்பரேச்சர் முள்ளு கரெக்டா பாதியில நிக்குது. அப்புறம் எப்படி சார் டெம்பரேச்சர் சென்சார் போயிருக்கும்னு சொல்றீங்க?

இந்தக் கேள்வி நியாயமானது. டாஷ்போர்டு முள்ளுக்குச் செய்தி சொல்வது ஒரு சென்சார், ஈ.சி.யூ.வுக்குச் சொல்வது வேறொன்று என்பதுதான் இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றின் அமைப்பு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றின் நலம் மற்றதற்குச் சான்றாகாது. ஈ.சி.யூ.வின் சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது: 20 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு என்பது பரவலாகக் காணும் கணக்கு. சூடான இன்ஜினில் அது 2 கிலோ ஓம் காட்டினால், ஈ.சி.யூ. விடியற்காலைக் குளிர் என்று நம்பி, குளிருக்குரிய அளவு பெட்ரோலை ஊற்றிவிடும். சூடான இன்ஜின் மூழ்கிவிடுகிறது. குளிரில் அந்தத் தவறான அளவே சரியான அளவாகிவிடுவதால், காலையில் குறை தெரிவதில்லை.

பல நேரம் சென்சார் நன்றாக இருக்கும்; அதன் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அந்தக் களிம்பு சேர்க்கும் கூடுதல் மின்தடையும் ஈ.சி.யூ.வுக்குக் குளிராகவே தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு வண்டிக்கு நான் பம்பை மாற்றிக் கொடுத்து, ஒரு வாரத்தில் அது அதே குறையோடு திரும்பி வந்த பிறகு, இந்தக் கனெக்டரைச் சுரண்டியதும் சரியானது. பம்பின் விலையை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து ஆறாம் கேள்வியில் சொன்ன குறிகளோடு வரும் வண்டியில் முதலில் இந்தக் கனெக்டரைத்தான் கழற்றுகிறேன். ஈ.சி.யூ.வின் கணக்குகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்போருக்கு இன்னும் எளிய வழி உண்டு: இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் எனும் குளிர்விக்கும் நீரின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், நன்கு ஓடிய பிறகு கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டிக் காட்ட வேண்டும்.

8. நத்தம் ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆயிடுச்சு. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா ஒரு பொட்டு உயிர் இல்ல. முக்கால் மணி நேரம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

ஓட்டத்திலேயே அணைந்தது என்பது முக்கியமான சொல். அழுத்தக் கசிவும் ஓவர்ஃப்ளோவும் இப்படி ஓடும் வண்டியைத் திடீரென்று நிறுத்துவதில்லை. எனக்கு முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மீது. சில வண்டிகளில் அது, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சார். அது இன்ஜின் சுற்றுகிறது என்ற செய்தியை ஈ.சி.யூ.வுக்கு அனுப்புகிறது. உள்ளே மயிரிழைச் செம்புக் கம்பி விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். செய்தி வராதபோது ஈ.சி.யூ. தீப்பொறியையும் பெட்ரோலையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறது.

இரண்டாம் கேள்வியில் ஆர்.பி.எம். முள்ளைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். செல்ஃப் சுற்றும்போது முள் 200, 300 அளவுக்குச் சற்றேனும் துள்ளினால் செய்தி போகிறது. காயில், அதை இயக்கும் இக்னைட்டர் பக்கம் தேடலாம். முள் செத்துக் கிடந்தால் சென்சார் மீதான சந்தேகம் வலுக்கிறது. கோளாறு நேரத்தில் கை எட்டுமானால், மின்விசிறியும் பெல்ட்டும் சுற்றாத நிலையில், சென்சார் மீது நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் ஆறவைத்து அடித்துப் பாருங்கள். அதற்குள் உயிர் வந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டு கம்பி கொண்ட காந்தச் சுருள் சென்சாரானால், அந்நேரம் ஓம் மீட்டரில் தொடர்பே இல்லை என்று காட்டும். மூன்று கம்பி வகையை ஓம் அளந்து தீர்மானிக்க முடியாது. தீப்பொறி இருக்கிறதா என்று பார்க்கப் பிளக் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அடிப்பதும், இரும்புக்கு எட்டாமல் தூக்கிப் பிடிப்பதும் வேண்டா. உதிரிப் பிளக்கைச் செருகி, அதன் உடலை இன்ஜின் இரும்பில் நன்கு பதித்துவைத்துப் பாருங்கள்.

9. ஸ்கேனர் போட்டா ஃபால்ட் எதுவும் இல்லைன்னு வருது. அப்ப எல்லாம் நல்லாத்தானே இருக்கு?

ஈ.சி.யூ. தனக்குத் தெரிந்த மின்குறைகளை மட்டுமே பதிவு செய்யும். ஒருவழி வால்வு கசிவதையோ, இன்ஜெக்டர் சொட்டுவதையோ அறிய அதற்குக் கண் இல்லை. குளிர் என்று பொய் சொல்லும் சென்சாரும், அந்த அளவு நம்பத்தக்க எல்லைக்குள் இருக்கும்வரை, பொய்யாகப் படுவதில்லை. செல்ஃப் சுற்றும்போது கிராங்க் செய்தி வராவிட்டால், இன்ஜின் நிற்கிறது என்றே பழைய ஈ.சி.யூ.க்கள் சில எடுத்துக்கொள்கின்றன.

மேலும், எல்லா நிறுவனங்களின் வண்டிகளுக்கும் பொதுவான, கோளாறைத் தானே கண்டு பதியும் ஓ.பி.டி. முறை இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 புகைக்கட்டுப்பாட்டு விதிகளோடுதான், 2010க்குப் பிறகு படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டியில் பொதுவான ஸ்கேனர் பேசாமல் போகலாம். சிலவற்றில் செக் இன்ஜின் விளக்கின் சிமிட்டல்களை எண்ணித்தான் குறியீட்டை அறிய வேண்டும். எனவே 'ஃபால்ட் இல்லை' என்ற வரி நற்சான்றிதழ் அன்று.

10. பெட்ரோல் பங்க்ல டேங்க் ஃபுல் பண்ணா மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பெட்ரோல்ல கலப்படமா?

கலப்படமென்றால் நிரப்பிய பிறகு ஓடும்போதும் தெரியும், ஸ்டார்ட்டோடு நிற்காது. டேங்கில் எழும் ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டரில் பிடித்துவைத்து, பிறகு பர்ஜ் வால்வு வழியாக இன்ஜினுக்குள் அனுப்பி எரிப்பது இந்த வண்டிகளின் ஏற்பாடு. நிரப்பும்போது டேங்கின் ஆவி முழுவதும் கேனிஸ்டரை நோக்கித் தள்ளப்படுகிறது. வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் அளவுக்கு மீறிய ஆவி உள்ளே நுழைந்து ஓவர்ஃப்ளோ ஆனது போலாகிறது. ஆறாம் கேள்வியில் சொன்ன முழு மிதி இங்கும் பலிக்கும். வால்வைக் கழற்றி, மின்சாரம் கொடுக்காமல் ஊதிப் பாருங்கள்: காற்று போகக் கூடாது. பம்ப் நாசில் தானாக நின்ற பிறகும் வட்டத் தொகைக்காகக் கழுத்துவரை ஊற்றச் சொல்லும் பழக்கம், திரவப் பெட்ரோலைக் கேனிஸ்டருக்கே அனுப்பிவிடும். அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

11. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலாலதான் இந்தத் தொல்லையா?

முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது; பங்கு உண்டு. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிப்பது. ஆனால் பெட்ரோலோடு கலக்கும்போது கலவையின் ஆவியழுத்தம் கூடுகிறது, ஏறத்தாழ 10 சதவீதக் கலப்பில் அது உச்சத்தில் இருக்கிறது. ஆகவே நான்காம் கேள்வியில் சொன்ன அழுத்தம் தாங்காத வண்டியில் ஆவி முன்னைவிடச் சுலபமாக எழலாம். அழுத்தம் சரியாக நிற்கும் வண்டிக்கு இது பொருட்டன்று. 20 சதவீதக் கலப்பை எண்ணிச் செய்யப்படாத பழைய வண்டிகளில், ரப்பர் குழாய்களும் ரெகுலேட்டர் சவ்வும் விரைவில் உப்பிச் சிதையக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கோடையில் கால் டேங்குக்குக் கீழே போகவிடாமல் வைத்திருங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான்.

12. ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே அடிச்சா ஸ்டார்ட் ஆகுது, காலை எடுத்தா நின்னுடுது.

காலை எடுத்த பிறகும் இன்ஜினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வு கரி பிடித்துச் சிக்கியிருக்கிறது. த்ராட்டில் பாடியையும் அந்த வால்வையும் அதற்குரிய கிளீனரால் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

13. நடுரோட்டுல நின்னா தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

மூன்றாம் கேள்வியில் சொன்ன செல்ஃப் கோளாறானால் தள்ளலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் உயிர் வராத வண்டியைத் தள்ளுவதில் பயனில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய், ஸ்டார்ட் ஆனதும் அதைச் சுட்டுக் கெடுக்கும். கோரிப்பாளையம் சிக்னலில் நின்றுபோனால் ஓரம்வரை தள்ளுங்கள், அதோடு போதும்.

14. காஸ் கிட் போட்ட வண்டி. காஸ்ல ஓட்டிட்டு நிறுத்தினா சூட்டுல பெட்ரோல்லயும் ஆகல, காஸ்லயும் ஆகல. காலையில ரெண்டுலயும் ஆகுது.

இரண்டு எரிபொருளிலும் ஒரே மாதிரி மறுப்பதால், பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டுக்கும் பொதுவானவை தீப்பொறி, கிராங்க் செய்தி, சிலிண்டரின் அழுத்தம் ஆகிய மூன்றும்தான். எட்டாம் கேள்வியில் சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள்.

அது சரியென்றால், பலரும் மறந்துவிடும் வால்வு இடைவெளியைப் பாருங்கள். காஸில் நெடுங்காலம் ஓடும் இன்ஜினில் வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு மேலேறி, அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் அதற்கும் இருக்க வேண்டிய இடைவெளி மறைந்துவிடும். இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு இல்லாத இன்ஜின்களுக்குத்தான் இது பொருந்தும். சூட்டில் வால்வுத் தண்டு நீளும்போது அது முழுதாக மூடாமல் நிற்க, அழுத்தம் கசிந்துவிடுகிறது. செல்ஃப் வழக்கத்தைவிட இலேசாக, ஒரே சீரில் விர்ரென்று சுற்றும். அந்த ஓசையைக் காதே கண்டுகொள்ளும். சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையைச் சூடான நிலையிலும் எடுக்கச் சொல்லுங்கள். குளிரில் எடுத்த அளவு மட்டும் இங்கே ஏமாற்றும்.

15. வண்டி காலையில இருந்து ஓடவே இல்ல. வெளிவீதியில வெயில்ல நின்னதுக்கே சாயங்காலம் ஸ்டார்ட் ஆகல. பம்ப், காயில், கிராங்க் சென்சார் மூணும் மாத்தியாச்சு.

நீங்கள் சொன்னதில்தான் விடை இருக்கிறது. இன்ஜின் ஓடவில்லை என்றால் முதல் கேள்வியில் விளக்கிய இன்ஜின் வெப்பம் இங்கே இல்லை. சுட்டது கண்ணாடி மூடிய உள்ளறை. ஆகவே மாற்றிய மூன்றையும் விட்டுவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இருப்பவற்றைத் தேட வேண்டும். ஈ.சி.யூ.வுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே பல வண்டிகளில் அங்கேதான் இருக்கிறது. அதனுள் இருக்கும் ஈயப்பற்றில் வயதால் வளையம்போல் நுண்விரிசல் விழும். வெயிலில் விரிந்து தொடர்பு விடும், ஆறினால் சேரும்.

அடுத்த முறை மறுக்கும்போது சாவியை ஆன் செய்து, பம்ப் உறுமுகிறதா, செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றாலோ, விளக்கு எரிந்து பம்ப் மட்டும் ஊமையாக இருந்தாலோ, நான்கு கதவையும் திறந்துவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்து மீண்டும் பாருங்கள். பம்ப் சத்தம் திரும்பிவிட்டால் ரிலேயைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் விரிசல் தெரியும். மீண்டும் ஈயம் பற்றவைத்தால் ஓடும், ஆனாலும் புது ரிலே கிடைக்குமானால் அதையே போடச் சொல்வேன். கழற்றிய பழைய பம்ப்பும் காயிலும் இன்னும் வீட்டில் இருக்குமானால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றில் பழுது இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.